1940ஆம் வருடத்துக் குழந்தை – கடிதம்

வணக்கம் சார்,

இரண்டு உலகப்போர்களுக்கு நடுவில் வந்த அரசியல் கார்ட்டூன்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வில் டைசன் 1919லேயே, அழுகிற ஒரு குழந்தையின் தலைக்கு மேல் 1940 என்று எழுதிவைத்தார் என்ற இடத்தில் சிலிர்த்துவிட்டது. படம் போடுகிறவருக்குத் தெரிந்தது பிரதமர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் எப்படித் தெரியாமல் போனது? கார்ட்டூனிஸ்டுகளைத் தீர்க்கதரிசிகள் என்றே சொல்லலாம் இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொல்லலாம், ஆனால் நான் சொல்ல மாட்டேன். பலித்த படங்களைத்தான் நாம் இன்னும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பலிக்காதவை அன்றைக்கே பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

டைசன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் 'டெய்லி ஹெரால்ட்'டில் 1919 மே மாதம் வந்தது, முதல் உலகப்போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தாகவே இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. நான்கு பெரிய தலைவர்கள் மாநாடு முடிந்து வெளியே வருகிறார்கள், 'புலி' என்று பேர் வாங்கிய பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோ நின்று, ஏதோ குழந்தை அழுகிற மாதிரி இருக்கிறதே என்கிறார். தூணுக்குப் பின்னால் அம்மணமாக நின்று அழுகிற அந்தக் குழந்தைதான் '1940 வகுப்பு'. பிரான்சில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது, இருபது வயதாகிற பையன்களை அந்த வருடத்தின் 'வகுப்பு' என்பார்கள். அப்போதோ அடுத்த வருடமோ பிறக்கிற பிள்ளைக்கு இருபது வயது எப்போது ஆகும்? வருடம் வந்தது அந்தக் கூட்டல் கணக்கில். இந்தச் சமாதானம் இன்னொரு சண்டையில்தான் போய் முடியும் என்று நம்பியதுதான் டைசனின் கெட்டிக்காரத்தனம், அப்படி நம்பியவர் அவர் மட்டுமில்லை.

அதே வருடம் டிசம்பர் 10ஆம் தேதி 'பஞ்ச்' இதழில் ரேவன்ஹில் போட்டது 'பாலத்தில் உள்ள இடைவெளி'. இனிமேல் போர் வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேச சங்கம் என்ற பாலம், அதை வடிவமைத்தவர் அமெரிக்க ஜனாதிபதி என்று பக்கத்திலேயே ஒரு போர்டு, நடுவில் வைக்கவேண்டிய கல் மட்டும் இல்லை. அந்தக் கல்லில்தான் அமெரிக்காவின் உருவகமான அங்கிள் சாம் சாய்ந்துகொண்டு ஹாயாகச் சுருட்டுப் பிடிக்கிறார். சங்கத்தில் சேருவதும் அடங்கிய வெர்சாய் உடன்படிக்கையை அமெரிக்க செனட் நிராகரித்து சரியாக மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் இவ்வளவு கச்சிதமாக ஒரு படம். ஆனால் இரண்டு பக்கமும் உறுதியாக நிற்கிற கற்களின் பெயரைப் படித்துப் பாருங்கள்: பெல்ஜியம், பிரான்ஸ், இங்கிலாந்து, இத்தாலி. அந்த இத்தாலிதான் 1935ல் அபிசீனியாவுக்குள், அதாவது இன்றைய எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது, 1937ல் சங்கத்தை விட்டே போனது. இல்லாத கல்லைப் பார்த்த மனுஷர் இருக்கிற கல்லைத் தட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு இந்த வரிசையில் ரொம்பப் பிடித்த படம் தப்பாய்ப் போன ஒன்றுதான். 1936ல் நியூயார்க் 'டெய்லி நியூஸ்'ஸில் பேச்சலர் வரைந்தது, அடுத்த வருடம் புலிட்சர் பரிசும் வாங்கியது. மாடிப்படியில் உடம்பைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள், கழுத்துக்கு மேலே முகம் இல்லை, மண்டையோடு. அவள் பெயர் 'போர்'. எதிரில் நிற்கிற பையன் ஏதோ ஒரு ஐரோப்பிய இளைஞன். அவள் சொல்கிறாள், "உள்ளே வாடா, நல்லா கவனிச்சுக்கிறேன். உங்கப்பா எனக்குப் பழக்கம்தான்." இரண்டு தலைமுறையை ஒரே வரியில் முடித்துவிட்டார் ஆள்! ஆனால் அது அமெரிக்க வாசகனுக்கு என்ன சொன்னது? இது அவன் வீட்டுத் தெரு இல்லை, ஐரோப்பாக்காரன் கெட்டுப்போகிற இடம், நீ அந்தப் பக்கமே போகாதே. அமெரிக்கக் காங்கிரஸ் வருஷத்துக்கு ஒன்றாக நடுநிலைச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது, படை வைக்கக் கூடாது என்று உடன்படிக்கை சொன்ன ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படையை அனுப்பியதும் அந்த 1936ல்தான். ஒதுங்கியிருந்தால் தப்பிக்கலாம் என்ற யோசனை 1941 டிசம்பரில், ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். அதனால் படம் மட்டமாகிவிடவில்லை. ஒரு கார்ட்டூன் முதல் தரமாகவும் அது சொல்கிற அரசியல் அசட்டுத்தனமாகவும் இருக்கலாம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம், பிரதமர்களுக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வி. தெரியாமல் என்ன? நன்றாகவே தெரிந்திருந்தது. டேவிட் லோ லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்'டில் ஹிட்லரையும் முசோலினியையும் கோமாளிகளாக வரைந்துகொண்டிருந்தார். (நம் ஆர்.கே. லக்ஷ்மண் சின்ன வயதில் 'ஹிந்து'வில் அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு, கையெழுத்து புரியாமல் 'கௌ' என்று, அதாவது மாடு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.) 1937 நவம்பரில் ஜெர்மனி போன பிரிட்டிஷ் மந்திரி ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம் ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸ் லோவின் படங்களைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள, ஹாலிஃபாக்ஸ் ஊர் திரும்பி லோவைக் கூப்பிட்டுக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொன்னார். லோவும் சரி என்று ஹிட்லரை விட்டுவிட்டு, ஹிட்லர் சாடை பாதி முசோலினி சாடை பாதியாக ஒரு சர்வாதிகாரியைக் கண்டுபிடித்து வரைந்தார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் அந்த ஏற்பாடு முடிந்தது, பழையபடி ஹிட்லரே படத்துக்குள் வந்தார். அதற்குள் ஹாலிஃபாக்ஸ் வெளியுறவு மந்திரி ஆகியிருந்தார்.