காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு குழந்தைகள். நான் மறுத்தாலும், உடல்நிலை சரியில்லாத நாள்களிலும்கூட, கணவர் பலவந்தமாக உறவு கொள்கிறார். அம்மாவோ, 'அனுசரித்துப் போ' என்கிறார். காவல் நிலையத்தில், கணவன்மீது இப்படி வழக்குப் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சிறைக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணமன்று. இது நின்றால் போதும். சட்டத்தில் வழி உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: உண்டு, சகோதரி. காவல் நிலையத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவைப் பாலியல் வன்புணர்வு என்னும் குற்றத்திலிருந்து விலக்கி வைக்கிறது. ஆங்கிலேயர் காலத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விலக்கு, வயது வரம்பு மட்டும் உயர்ந்து, புதிய சட்டத்திலும் இடம்பிடித்துவிட்டது. அது செல்லுமா என்பது குறித்து டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே மாதம் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்ததால், விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தாலி கட்டிக்கொண்டதையே ஆயுள் முழுமைக்குமான சம்மதமாகக் கொள்ளும் இந்த விலக்குக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. நேபாளத்தில் மனைவியைப் பலவந்தப்படுத்துவது எப்போதோ குற்றமாகிவிட்டது.

உங்களிடம் சொல்லாமல் விட்ட மறுபாதிதான் முக்கியம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே 3-ஆவது பிரிவில் வரையறுக்கிறது. அதன்படி நீங்கள் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்தால், கணவர் உங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று பாதுகாப்பு ஆணையும், தேவைப்பட்டால் அவரே வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உறைவிட ஆணையும், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் செலவுத்தொகையும் கிடைக்கலாம். வீடு அவர் பெயரில் இருப்பதாலேயே நீங்கள் வெளியேற வேண்டும் என்பதில்லை. மனுச் செய்ததற்காக அவர் சிறைக்குப் போவதில்லை. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். நீங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதுதானே.

மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் வழியே, இந்தச் சட்டத்தின்கீழ் உதவும் பாதுகாப்பு அலுவலரை அணுகுங்கள். மனுவை எழுதித் தருவதற்கும் உதவுவார். வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண் என்பதாலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். மனுவை 60 நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுபடுவதுண்டு என்பதால், இடைக்கால ஆணையையும் சேர்த்தே கேளுங்கள்.

காயமோ வலியோ இருந்து மருத்துவரிடம் சென்றால், வழுக்கி விழுந்தேன் என்று மறைக்காமல் நடந்ததைச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு பின்னால் சான்றாகும். கொடுமை கடுமையாகி, குற்ற வழக்குத்தான் வழி என்று தோன்றினால், கணவன் செய்யும் கொடுமையைத் தண்டிக்கும், அதே சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவின்கீழ்ப் புகார் தரலாம். இரவில் ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண்ணான 181 அல்லது அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள்.