பைப் எல்லாம் பைப்தானா?

கேள்வி: ஆறு வருஷமாகப் பெருங்குடியில் ஒரு டிசைன் ஆபீஸில் பைப்பிங் டிசைனராக இருக்கிறேன். எல்லாமே எண்ணெய் சுத்திகரிப்பு, எல்.பி.ஜி. வேலைகள். இப்போது ஹைட்ரஜனில் இரும்பு தயாரிக்கும் ஆலைக்கான டீமுக்கு வரச் சொல்கிறார்கள். 'பைப் எல்லாம் பைப்தானே, போடா' என்கிறான் நண்பன். போகலாமா சார்?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: போங்க தம்பி. நண்பர் சொன்னதை மட்டும் நம்பிப் போகாதீங்க.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் உங்கள் கண் குழி, கால்வாய், கேபிள் டிரெஞ்ச் என்று கீழேயே தேடிப் பழகியிருக்கும். ஹைட்ரஜன் விறுவிறுவென மேலே ஏறும். வழி இல்லையென்றால் கூரை முகட்டில் தங்கிவிடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

எனக்கு இது உறைத்த நாள் மறக்கவில்லை. இருபது வருஷம் சுத்திகரிப்பு ஆலை வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்த புதிது. கம்ப்ரஸர் ஷெட்டுக்கு 3டி மாடல் ரிவியூ. தரைச் சரிவு, டிரெயின் எல்லாம் காட்டி முடித்தேன். இன்ஸ்ட்ருமென்ட் பிரிவிலிருந்து வந்த பெண் மவுஸை வாங்கி, மாடலைத் திருப்பி, கூரையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். முகட்டில் வென்ட் இல்லை. கேஸ் டிடெக்டர்கள் முழங்கால் உயரத்தில். "சார், கேஸ் எந்த வழியா வெளியே போகும்?" அவ்வளவுதான் கேட்டார். வீட்டுக்குப் போய் அன்றிரவு தூக்கமே வரவில்லை.

இன்னொன்று. பகல் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் தீ கண்ணுக்குத் தெரியாது. ராக்கெட் தளங்களில் ஒரு காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்திருக்கிறார்கள். துடைப்பம் எரிந்தால் அங்கே தீ. ஆகவே போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சை முடிந்தவரை குறைத்து வெல்டிங்குக்குப் போங்கள். சூடான ஹைட்ரஜன் சாதாரண கார்பன் ஸ்டீலுக்குள் புகுந்து வெடிப்பு விடச் செய்யும். எந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் எந்த ஸ்டீல் என்பதற்கு, அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் ஏ.பி.ஐ. 941 ஆவணத்தில் நெல்சன் வளைகோடுகள் என்ற வரைபடம் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் பார்த்திருப்பீர்கள், மறுபடி எடுத்துப் படியுங்கள்.

இந்த ஆலையில் கிடைப்பது ஸ்பாஞ்ச் அயர்ன், அதாவது உருகாமலே ஆக்சிஜன் நீக்கிய நுண்துளை இரும்பு. அது ஈரம் பட்டால் சூடேறும், ஹைட்ரஜனையும் விடும். நம்ம ஊர் ஐப்பசி மழையை நினைத்துக்கொண்டு அதைச் சேமிக்கும் சைலோவின் கூரையை வரையுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், நிலக்கரியை நம்பி ஓடும் ஊது உலையில் ஒரு டன் ஸ்டீலுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு போகிறது. ஹைட்ரஜன் தாதுவிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நீராவியாக வெளியேறுகிறது. ஸ்வீடனில் லூலியோ ஊரில் 2021-இல் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு டன் இரும்புக்கு 50 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் வேண்டும்; தண்ணீரைப் பிரித்து அதை எடுக்க, கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். அது நிலக்கரி மின்சாரமாக இருந்தால் நம் உழைப்பு வீண். காற்றாலையோ சூரிய ஒளியோ, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று முதல் மீட்டிங்கிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள். பைப் வரைகிறவருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு.

சேர்ந்ததும் ஹேசாப் ரிப்போர்ட்டை (ஆலையில் எங்கே என்ன ஆபத்து வரலாம் என்று அலசிய அறிக்கை) வாங்கி வரி விடாமல் படியுங்கள். புரியாததை ப்ராசஸ் எஞ்சினியரிடம் கேளுங்கள், மாடலைத் திறப்பது அதற்குப் பிறகு.