பாட்டியின் பெட்டியும் காட்சிச் சுவரும்: கேள்வி பதில்

நான் தங்கச்சிமடத்துக்காரி. பள்ளியில் ஓவிய ஆசிரியை. லீவு நாட்களில் கண்காட்சிகளுக்குப் படம் மாட்டி, விளக்குப் போட்டு, சுவர்க்குறிப்பு எழுதிக் கொடுப்பேன். நினைவு, பூர்வீகம், அடையாளம் என்று இப்போது நடக்கிற கலைக் கண்காட்சிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இவை.

பரமக்குடிக்காரர்: அக்கா, பழைய டிரங்குப் பெட்டி, சாவி, சேலை என்று ஒரு அறையில் வைத்துவிட்டு ‘இன்ஸ்டலேஷன்’, அதாவது பொருளை அடுக்கிச் செய்த கலை என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பரணும் கண்காட்சிதானே?

பாதி சரி. பரணில் கிடக்கிற வரைக்கும் அது சாமான்தான். அதை வைத்து என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் கலை இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் 2011-இல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்றொரு வேலையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். தோம்பு என்றால் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: ‘உங்கள் பழைய வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போட்டுக் காட்டுங்கள்.’ கோணல்மாணலாகத்தான் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுப் படம், அதையே கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்தது, அப்புறம் சனாதனனின் சொந்த ஓவியம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று. ஆளுகிறவர்கள் வைத்திருந்த பதிவேட்டின் பெயரை எடுத்து, வீடிழந்தவர் கையில் கொடுத்துவிட்டார், பாருங்கள். அங்கே பெட்டியும் இல்லை, சாவியும் இல்லை. ஒரு தாள், ஒரு பென்சில், அவ்வளவுதான்.

உங்கள் பரணுக்கும் அப்படி ஒரு கேள்வி கிடைத்தால் சொல்லுங்கள். விளக்குப் போட நான் வருகிறேன்.

கல்லூரி மாணவர், இராமநாதபுரம்: தனுஷ்கோடியிலிருந்து இடிந்த சுவரின் கல் ஒன்றை எடுத்துவந்து காட்சிக்கு வைக்கலாமா?

கூடாது தம்பி. அந்தச் சுவர்களில் பாதி முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். பவளப்பாறைக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காப்பு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். போகிறவரெல்லாம் ஒரு கல் எடுத்தால் அங்கே என்ன மிஞ்சும்?

அதற்குப் பதில் மெல்லிய தாளைச் சுவர்மேல் வைத்து, கரிக்கட்டியைப் படுக்கப் போட்டு மெதுவாகத் தேயுங்கள். கல்லிலுள்ள பூப்பூவான ஓட்டையெல்லாம் தாளில் ஏறிவிடும். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் போங்கள். ஒருவர் தாளைப் பிடிக்க, ஒருவர் தேய்க்க வேண்டும்.

இன்னொன்று. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் படம் தொங்காத கல்லூரிக் கண்காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் ஊரும் பாசஞ்சர் ரயிலும் போன கதை எல்லோருக்கும் தெரியும். அங்கேயிருந்து தப்பி வந்தவர்கள் அடுத்த வாரம் எங்கே படுத்தார்கள், எதைப் பொங்கிச் சாப்பிட்டார்கள்? அதைக் கேட்டு வாருங்கள். இடிந்த சுவர் படத்தில் நன்றாக விழும், ஆனால் பேசாது.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் வாப்பாவின் வாப்பா கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்கள் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில் இருக்கின்றன. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. வைத்தால் யாருக்குப் புரியும்?

அலிகாரில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஓவியர் ஜரீனாவுக்கும் இதே பாடுதான். பாகிஸ்தானில் இருந்த அக்கா ராணி உருதுவில் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதங்கள் பின்னால் அவர் கைக்கு வந்தன. பெற்றோரின் சாவு, வீட்டை விற்றது எல்லாம் அதில் இருந்தது. அவற்றை அச்சுத் தகடாக்கி, மேலே வீட்டின் வரைபடமும் ஊர் வரைபடமுமாகப் பதித்து 2004-இல் ஒரு தொடர் செய்தார். பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு உருது வாசிக்கத் தெரிந்திருக்கும்? இருந்தாலும், வாசிக்க முடியாத எழுத்தின்முன் ஆள் நின்றுவிடுகிறான். உங்கள் குடும்பமே இன்று அப்படித்தான் நிற்கிறது. அதையே காட்டுங்கள்.

ஆனால் முதலில் ஊரில் அரபுத் தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கடன் கணக்கோ, யாருடைய மானமோ அதில் இருக்கலாம். அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு நகலை மாட்டுங்கள். பாம்பன் காற்றில் நான் ஒருமுறை ஒரு வீட்டாரின் அசல் படங்களைச் சாதாரணக் குண்டூசியால் குத்தி வைத்தேன். பத்தே நாளில் ஒவ்வொன்றிலும் துரு வட்டம். இன்றும் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூச்சமாக இருக்கிறது. லேமினேஷனும் வேண்டவே வேண்டாம்.

மண்டபம், பெயர் வேண்டாம்: என் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். மிச்சம் இருப்பது குடும்ப அட்டை ஒன்றுதான்.

அது போதும். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதியது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது அடுத்த இரண்டு மாதத்துக்குள். ஒரே வருஷத்தில் இந்தக் கரையில் இரண்டு பேரிழப்பு. ஒன்றுக்குச் சிதிலம் இருக்கிறது, சுற்றுலா வேன் போகிறது. மற்றதற்கு உங்கள் பாட்டியின் அட்டை.

தோட்டத்துக்குப் போன கூலிகளையும் மண்டபம் முகாமில்தான் அடைத்துவைத்து, நோய் பார்த்து அனுப்பினார்கள். உங்கள் பாட்டியின் தாத்தாவும் அந்த வழியே போயிருக்கக்கூடும். அந்த அட்டையைப் பெரிதாக அச்சிட்டு பாட்டியின் குரலையும் பக்கத்தில் ஓடவிடுங்கள். அட்டை எண்ணையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். மலையகக் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே சாயமாக்கி வரைகிறார், தேடிப் பாருங்கள்.

தொண்டி இளைஞர்: கொச்சியில் நடக்கிற பெரிய கலைக் கண்காட்சிக்குப் போகக் காசில்லை. பக்கத்தில் என்ன பார்ப்பது?

இராமநாதபுரம் அரண்மனைக்குள் இராமலிங்க விலாசம். சுவர் முழுக்க 18-ஆம் நூற்றாண்டு ஓவியம். சேதுபதி வெள்ளைக்காரர்களைச் சந்திக்கிறார், தஞ்சை மராத்தியரோடு போர் நடக்கிறது. ‘நாங்கள் யார்’ என்று ஒரு அரசன் சுவரில் சொல்லிவைத்தது அது. யாரை வரையவில்லை என்றும் பாருங்கள். வலை இழுப்பவனைத் தேடி எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கடல்பாசி எடுக்கும் ஒருவரின் மகள்: என் அம்மா படத்தை நகரத்துக் கண்காட்சியில் பெரிதாக வைத்திருந்தார்கள். பெயர்கூட இல்லை, ‘கடலின் மகள்’ என்று போட்டிருந்தது. கேட்கலாமா?

கேட்க வேண்டும். பெயர் போடச் சொல்லுங்கள், ஒரு பிரதி வாங்குங்கள், அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள். நம் கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் படமெடுத்த பழனிகுமாரும் மீன் விற்ற தாயின் மகன்தான். அவர் படங்களில் அந்தப் பெண்களுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வருமானக் கணக்கும் இருக்கிறது.

அதே மகள், மறுபடியும்: நாங்களே வைத்தால் குறிப்பை எப்படி எழுதுவது? எனக்குச் செந்தமிழ் வராது.

வரவே வேண்டாம். ‘கடல்சார் சமூகத்தின் கூட்டு நினைவுப் படிமம்’ என்று எழுதினால் உங்கள் அம்மாவே தாண்டிப் போய்விடுவார். இப்படி எழுதுங்கள்: ‘அம்மா கடலுக்குள்ள போறப்ப விரல்ல சுத்துற துணி. பாறை கிழிச்சிராம இருக்க. மரிக்கொழுந்துப் பாசி எடுக்க இது போதும். பழசாயிருச்சுன்னா என் பாவாடையைக் கிழிப்பாங்க.’