சீசன் முடிவில் கிளம்பப் போகிற கால்பந்து மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, அணி தோற்றுக்கொண்டிருந்தால் பாதியிலேயே நீக்கலாமா?

கிளம்புகிறார் என்பதற்காக மட்டும் நீக்கினால் அது வெறும் கோபம். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் குத்தகையின் கடைசி வருஷம் மாந்தோப்புக்கு யாரும் எரு வைக்க மாட்டார்கள், மேனேஜரும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஜெர்மன் கிளப் பயர்ன் மியூனிக்கைப் பாருங்கள்: 2013 ஜனவரியிலேயே அடுத்த மேனேஜராக கார்டியோலா வருகிறார் என்று அறிவித்தாகிவிட்டது, அப்புறமும் அப்போதைய மேனேஜர் ஹைன்கெஸ், ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் உட்பட மூன்று கோப்பைகளை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஸ்பெயின் எதிர்வழியில் போனது. தேசிய அணியின் பயிற்சியாளர் லோபெதேகி ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போகிறார் என்று தெரிந்ததும், 2018 உலகக் கோப்பை தொடங்க ஒரு நாள் இருக்கும்போது துரத்திவிட்டார்கள். நாக்-அவுட்டின் முதல் ஆட்டத்திலேயே ரஷ்யாவிடம் பெனால்டியில் தோற்றார்கள்.

சரி, அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்தில் இருந்தால்? இங்கிலாந்து கிளப் லெஸ்டர் 2017 பிப்ரவரியில் மேனேஜர் ரனியேரியை நீக்கி, உள்ளேயே இருந்த துணைப் பயிற்சியாளர் ஷேக்ஸ்பியரிடம் பொறுப்பைக் கொடுத்து, 12ஆம் இடத்தில் முடித்தது. இன்னொரு இங்கிலாந்து கிளப் லீட்ஸ் 2023இல் நாலு ஆட்டம் மிச்சமிருக்கும்போது அலர்டைஸை மேனேஜராகக் கூப்பிட்டது, இறங்கியேவிட்டது. ஆக மாற்றுவதென்றால் பிப்ரவரிக்குள், அதுவும் ஆளைக் கையில் வைத்துக்கொண்டு. ஒப்பந்தமே சில மாதம்தான் மிச்சம் என்பதால் நஷ்டஈடும் பெரிதாக இருக்காது. நான் பார்ப்பது ஒன்றுதான்: பந்தை இழந்ததும் ஃபார்வர்டுகள் திரும்பி ஓடுகிறார்களா, இடுப்பில் கை வைத்து நிற்கிறார்களா? நின்றால் நீக்கிவிடலாம்.