கர்நாடகம் சுற்றப் போகிறவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

சிங்கப்பூரில் ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. தேக்காவில் காய்கறி வாங்கப் போனாலும் புளோக்கின் கீழே நின்றாலும் யாராவது ஒருவர் நிறுத்தி, “கர்நாடகா போகலாம்னு இருக்கோம், எப்படிப் போறது?” என்று கேட்டுவிடுகிறார். ஒன்பது தடவை போய்வந்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

பொங்கோல், இரண்டு பிள்ளைகளின் அப்பா: பத்து நாள் லீவு கிடைச்சிருக்கு. மைசூரு, கூர்க், ஹம்பி, கோகர்ணா, ஜோக் அருவி எல்லாத்தையும் ஒரே சுற்றில் முடிச்சிடலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. முதல் பயணத்தில் நானும் இதே ஐந்து இடங்களையும் எட்டு நாளில் அடைத்தேன். மலைப்பாதை வளைவுகளில் சின்ன மகளுக்கு வாந்தி நிற்கவே இல்லை. ஹம்பிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் நான்கு மணி, மறுநாள் மதியம் கிளம்பிவிட்டோம். ஹம்பியைப் பார்த்தேன் என்று அந்தப் பயணத்தை வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கர்நாடகத்தின் பரப்பு 1,91,791 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. துவாஸிலிருந்து சாங்கி வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊரில் வாழ்கிற நமக்கு அந்தத் தூரம் வரைபடத்தில் பிடிபடாது. அதனால் மாநிலத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெற்கில் மைசூரு, ஹாசன், கூர்க் என்கிற குடகு. மேற்கில் மங்களூரு, உடுப்பி, கோகர்ணா என்று கடற்கரை. வடக்கில் ஹம்பி, பாதாமி, விஜயபுரா (பழைய பிஜாப்பூர்). ஒரு பயணத்துக்கு ஒரு பகுதி. பத்து நாள் இருந்தால், மிஞ்சிப்போனால் இரண்டு.

அங் மோ கியோ, ஆசிரியை: மூன்றில் ஒன்றுதான் என்றால் எதைச் சொல்வீர்கள்?

வடக்கு. பலரும் மைசூரு, கூர்க் என்று கிளம்புகிறார்கள். அவையும் அழகுதான். ஆனால் தமிழ் படித்தவர்கள் வாதாபியைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பாதாமிதான் அந்த வாதாபி. சாளுக்கியரின் தலைநகரம். செம்மண் நிறப் பாறையைக் குடைந்த நான்கு குகைகள். மூன்றாவது குகையில் கி.பி. 578 என்று காலம் குறித்த கல்வெட்டே இருக்கிறது. கீழே அகத்திய தீர்த்தம் என்ற ஏரி. 642 வாக்கில் காஞ்சியின் பல்லவ மன்னன் மாமல்லன் நரசிம்மவர்மன் இந்த ஊரைத்தான் பிடித்தான். படை நடத்திப் போன பரஞ்சோதிதான் பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். மாமல்லனின் கல்வெட்டு, சிதைந்த நிலையில், அந்த ஊர்ப் பாறையிலேயே இன்றும் இருக்கிறது.

அதோடு கதை முடியவில்லை. நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். கைலாசநாதர் கோயிலின் அழகில் மனம் பறிகொடுத்து, அதன் செல்வத்தைத் தொடாமல் கோயிலுக்கே விட்டுவிட்டதாகக் கன்னடத்தில் அங்கே கல்வெட்டு வைத்தான். அவன் ராணி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் கட்டிய கோயில்தான் விருபாட்சர் கோயில். காஞ்சி கைலாசநாதரைப் பார்த்தவர்கள் அங்கே போய் நின்றால் அந்தச் சாயலை உடனே கண்டுகொள்வார்கள். பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டர்தான். பிள்ளைகளுக்கு இரண்டு கதையையும் விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களே கல்லைத் தேடிப் பார்ப்பார்கள்.

பாதாமி குகைகளில் குரங்குத் தொல்லை அதிகம். கையில் தின்பண்டம் வேண்டாம்.

செங்காங், இளம் தம்பதி: ஹம்பிக்கு ஒரு நாள் போதுமா? எப்படிப் போவது?

இரண்டு முழு நாள் வேண்டும். இங்கிருந்து பெங்களூருவுக்கு நேரடி விமானம் நாலரை மணி நேரம். பெங்களூருவிலிருந்து இரவு பத்து மணி வாக்கில் ஹம்பி எக்ஸ்பிரஸ் கிளம்பும். காலையில் ஹொசபேட்டேயில் இறங்கினால் ஹம்பி 13 கிலோமீட்டர். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். காரில் போவதானால் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஹம்பியும் வடக்கே. பெங்களூரு நெரிசலுக்குள் நுழையாமல் அப்படியே கிளம்பிவிடலாம். வழியில் சித்ரதுர்கா கோட்டை.

முதல் நாள் காலை விட்டலர் கோயில். ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிற கல்தேர் அங்கேதான். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேரின் முன்னால் நிற்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஹம்பியிலும் ஒரு விருபாட்சர் கோயில் இருக்கிறது. அதன் கருவறைக்குப் பின்பக்கம் ஓர் இருட்டு மண்டபம் உண்டு. சுவரில் ஒரு சிறு துளை. அதன் வழியே வரும் வெளிச்சத்தில் ராஜகோபுரம் தலைகீழாக எதிர்ச் சுவரில் விழும். விசாரித்துப் போய்ப் பாருங்கள், பலர் தெரியாமலே தாண்டிப் போகிறார்கள்.

ஹம்பியிலிருந்து பாதாமிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே இரண்டு இரவு தங்கி, பக்கத்தில் சாளுக்கியர் கோயில்கள் நிறைந்த ஐஹோளேயையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஹூப்ளி வழியாகத் திரும்புங்கள்.

உட்லண்ட்ஸ்: ஜூன் லீவில் போகலாமா?

மேற்கே வேண்டாம். கடற்கரையிலும் மலைத்தொடரிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும், உடுப்பி பக்கத்து மால்பேயிலிருந்து செயின்ட் மேரிஸ் தீவுக்குப் படகும் ஓடாது. ஜோக் அருவியை மழை ஓய்ந்த கையோடு, செப்டம்பர் விடுமுறையில் பாருங்கள். ஹம்பி பக்கம் ஜூனில் மழை குறைவு, ஆனால் வெயில் தணிந்திருக்காது. நவம்பர், டிசம்பர்தான் எல்லாப் பக்கத்துக்கும் ஏற்றது. கிறிஸ்துமஸ் வாரம் மட்டும் கூர்க்கில் அறை கிடைப்பது கஷ்டம்.

கேலாங் சிராய்: நாங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பம். ஹலால் சாப்பாடும் பார்க்கிற இடமும் சேர்ந்து அமையுமா?

நன்றாக அமையும் பாய். பாதாமியிலிருந்து விஜயபுராவுக்குப் போங்கள். சுல்தான் முகமது அடில் ஷாவின் அடக்கத்தலம் கோல்கும்பஸ் அங்கே இருக்கிறது. குவிமாடத்தின் வெளிவிட்டம் 44 மீட்டர், உள்ளே தாங்கு தூண் ஒன்றுகூடக் கிடையாது. மேல் மாடத்தில் சுவரோரம் வாயை வைத்து மெதுவாகப் பேசினால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் காதில் தெளிவாக விழும். காலையில் திறந்ததும் ஏறிவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துவிட்டால் கூச்சல் மட்டும்தான் திரும்பக் கேட்கும். அங்கேயே இன்னொரு சுல்தானின் அடக்கத்தலமான இப்ராஹிம் ரவ்ஸாவையும் விடாதீர்கள். இன்னும் ஒரு நாள் இருந்தால் கலபுர்கி: காஜா பந்தே நவாஸ் தர்கா, கோட்டைக்குள் முற்றமே இல்லாமல் முழுக்கக் கூரை போட்ட 1367-ஆம் ஆண்டுப் பள்ளிவாசல். இரண்டு ஊரிலும் ஹலால் உணவகங்களுக்குக் குறைவில்லை.

புக்கிட் பாத்தோக்: சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு நுழைவுச்சீட்டு விலை அதிகமாமே?

ஆமாம். ஹம்பியில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஆனால் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தால் இந்தியருக்கான கட்டணம்தான். 2021-இல் அரசாணையே வந்துவிட்டது. அட்டையைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாதவர்கள் இ-விசாவை அரசாங்க இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள். அதேபோலத் தோற்றமளிக்கும் தளங்களில் என் உறவினர் ஒருவர் மூன்று மடங்கு பணம் கட்டினார்.

தெம்பனிஸ்: கன்னடம் தெரியாது. சமாளிக்க முடியுமா? சாப்பாடு?

பெங்களூரு, மைசூருவில் தமிழே போதும். வடக்கே போனால் கொஞ்சம் காது கொடுங்கள். நம் ‘ப’ அங்கே பல சொல்லில் ‘ஹ’ ஆகிவிடும். பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி. ஹொச என்றால் புது. ஹொசபேட்டே நம் புதுப்பேட்டைதான்! இது பிடிபட்டால் பெயர்ப்பலகை படிப்பதே பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிடும். எஷ்டு என்றால் எவ்வளவு, சாகு என்றால் போதும்.

இந்தச் ‘சாகு’ சாப்பாட்டுக் கடையில் உதவும். பாதாமியில் ஓர் அம்மா சோள மாவு உருண்டையைக் கையாலேயே தட்டித் தட்டி, முழங்கை அகலத்துக்கு ரொட்டியாக விரித்தார். கட்டை எதுவும் இல்லை. சுட்டதும் மேலே தண்ணீரைத் துணியால் ஒற்றி, திருப்பிப் போட்டார். எண்ணெய்க் கத்தரிக்காயும் வேர்க்கடலைப் பொடியும் தயிரும் கூட. சாகு என்று சொல்லும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்.

ஈசூன், மகள்: அம்மாவுக்கு 74 வயசு, முழங்கால் வலி. கோயில் என்றால் உயிர். எங்கே கூட்டிப் போகலாம் அண்ணே?

அம்மாவுக்குத் தெற்குதான் சரி, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். பேலூரும் ஹளேபீடும் பெரும்பாலும் சமதரை, இடையில் 16 கிலோமீட்டர். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டில் சோழரை வென்ற பிறகு 1117-இல் எழுப்பியது பேலூர்க் கோயில். அந்தச் சிற்பங்களின் கல் வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற மாக்கல் வகை. வெட்டும்போது மென்மை, காற்றுப் பட இறுகும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கிட்டே போய்ப் பார்ப்பார்.

சிரவணபெளகொளவில் 57 அடி உயரச் சமணச் சிலையான கோமடேஸ்வரரைப் பார்க்க 600-க்கு மேற்பட்ட படி, வெறுங்காலோடு. ஆட்கள் தூக்கிப் போகும் டோலி கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பள்ளிகொண்ட பெருமாளை ஆதிரங்கன் என்பார்கள். அந்தியரங்கன் நம் ஸ்ரீரங்கம். காவிரி நெடுக ஒரே பெருமாள். பிறகு மேல்கோட்டை, ராமானுஜர் பன்னிரண்டு ஆண்டு இருந்த ஊர். செல்வநாராயணர் சன்னதி கீழேயே இருக்கிறது. மலைமேல் இருக்கும் யோகநரசிம்மருக்குத்தான் படி. அம்மாவைக் கீழே உட்கார வைத்து, ஒருவர் துணையிருக்க மற்றவர்கள் ஏறிவாருங்கள். அவர் கையில் ஒரு பொட்டலம் மேல்கோட்டைப் புளியோதரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.