கச்சான் காலத்தில் நாயோடு கடற்கரை நடை: சப்பாத்து வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். எங்கள் வீட்டு நாய்க்கு 3 வயது, 18 கிலோ. ஊர் நாயும் லாப்ரடோரும் கலந்தது, நல்ல கறுப்பு. ஆகஸ்ட் விடுமுறையில் நானும் மகனும் அதைக் கூட்டிக்கொண்டு நிலாவெளியிலிருந்து கரையோரமாக நடந்து, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, குச்சவெளி வரை போக நினைக்கிறோம். மணல் சூட்டில் கால் வெந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. குட்டியை வாங்கித் தந்த தரகர், கால் சப்பாத்து ஒரு செட்டும் 'வெயில் தாங்கும் ஊசி' ஒன்றும் இருந்தால் போதும், இரண்டையும் தானே கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். இதுவரை தடுப்பூசி போட்டதும் அவர்தான். வாங்கலாமா? — நிலாவெளி வாசகி

பதில்: தங்கச்சி, சப்பாத்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். குச்சவெளி வரைக்கும் வேண்டாம். இறக்கக்கண்டிப் பாலத்தோடு நிறுத்துங்கள். அதுவும் விடியற்காலையில்.

நீங்கள் அதன் காலை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் அதன் உடம்புச் சூட்டை நினைத்துத்தான். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடித்தால் அந்த வியர்வை காய்ந்து, வெயிலிலும் கொஞ்சம் சுகமாக இருக்கும். நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும், அதுவும் பேருக்குத்தான். நாக்கை நீட்டி இளைப்பதுதான் அது சூட்டை வெளியே தள்ளுகிற வழி. இளைக்க இளைக்க உடம்புத் தண்ணீர் போகும். அதனால் 'நல்ல காற்றடிக்கிறது, நடக்கலாம்' என்று உங்களுக்குத் தோன்றுகிற அதே நேரத்தில் நாய் உள்ளே வெந்துகொண்டிருக்கும். அதன் இயல்பான சூடே 38, 39 பாகை செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் பழுதாகத் தொடங்கும். கறுப்பு மயிர் வெயிலை இன்னும் கூடுதலாக இழுக்கும்.

இப்போது சப்பாத்துக்கு வருவோம். மணல் சுட்டால் நாய் காலைத் தூக்கும், நிழலுக்கு இழுக்கும், நடக்க மறுக்கும். 'போதும்' என்று அது நமக்குச் சொல்கிற முதல் சொல் அதுதான். சப்பாத்துப் போட்டால் அந்தச் சொல்லை நாமே அடைத்துவிடுகிறோம். கால் சுடாததால் உங்கள் பின்னாலேயே வந்து, கடைசியில் ஒரேயடியாக விழும். போதாததற்கு, உள்ளே புகுந்த மணல் விரலிடுக்கை உரசிப் புண்ணாக்கும். காலைக் காப்பாற்றச் செலவே இல்லாத வழி இருக்கிறது. புறங்கையை மணலில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்க முடியாது. அலை வந்து போகிற ஈர மணலிலேயே நடத்திக்கொண்டு போங்கள். வேலியோரம் ஏறினால் இராவணன் மீசை முள்ளும் நெருஞ்சியும் காத்திருக்கும்.

'கடலில் நனைத்துவிட்டு நடந்தால் பகலிலும் போகலாமே' என்று எல்லோரும் கேட்பார்கள். இது ஒன்று உண்மையிலேயே வேலை செய்கிற வழி என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நனைந்த நாய்க்குக் காற்று உதவும். ஆனால் மேல்மயிர் மட்டும் நனைந்தால் பயனில்லை, தோல் வரைக்கும், முக்கியமாக வயிறும் தொடையிடுக்கும் நனைய வேண்டும். கச்சானில் அது சீக்கிரமாகவே காய்ந்துவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். கடல்நீர் காய்ந்தால் உப்புத் தங்கும், நாய் அதை நக்கும். அலையில் விளையாடும்போது வாய்க்குள்ளும் போகும். உப்புத் தண்ணீர் கூடினால் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, இருக்கிற தண்ணீரும் போய்விடும். ஆகையால் நனைப்பது நல்ல தண்ணீரால் என்றால் நல்லது. கடல்தான் வழி என்றால் நனைப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரை வயிறாரக் குடிக்க வைத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் கழுவிவிடுங்கள். இறக்கக்கண்டியில் களப்பு கடலோடு சேர்கிற இடத்தில் மட்டும் நீந்த விடாதீர்கள். இத்தனையும் செய்தாலும் அது 10 மணி வெயிலில் நடப்பதற்கான அனுமதி ஆகாது. பாதி வழியில் நாய் தளர்ந்தால் சமாளிக்கிற வழி, அவ்வளவுதான்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். 18 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லீற்றர் வேண்டும். நடைக்கு அதற்கென்றே தனியாக 2 லீற்றர் எடுங்கள். குடிக்க ஒன்று, உடம்பில் ஊற்ற ஒன்று. 5.30-க்குப் புறப்பட்டு 7.30-க்குள் முடித்துவிடுங்கள். மாலை நடையை ஆகஸ்டில் நான் சொல்லமாட்டேன், பகல் முழுக்கக் காய்ந்த மணல் அந்திக்குள் ஆறாது. பாலத்தடியில் உங்களை ஏற்ற ஆட்டோவை முன்னாலேயே பேசி வையுங்கள்.

அப்புறம் அந்த ஊசி. வெயில் தாங்கும் ஊசி என்று உலகத்தில் ஒன்று இல்லை. விற்றமின் போத்தலைக் காட்டி ஊசி குத்திவிட்டுக் காசு வாங்குகிறார்கள். குட்டியைக் கொண்டுவந்து விற்பவரே மருந்தும் தந்து, ஊசியும் குத்தி, தடுப்பூசி அட்டையும் எழுதிக் கொடுத்தால் அவரை யார் சரிபார்ப்பது? என்னை உறுத்துகிற விஷயம், இதுவரை தடுப்பூசி போட்டதும் அவர்தான் என்று நீங்கள் எழுதியதுதான். விசர்நாய்க்கடித் தடுப்பூசி மருந்து 2-க்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒரு தரகருடைய மோட்டார் சைக்கிள் பெட்டியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். உருகிப்போன ஐஸ் தண்ணீரில் மருந்துக் குப்பிகள் மிதந்தன, தொட்டால் இளஞ்சூடு. அந்த ஊசி குத்தின நாய்களின் அட்டையெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. அட்டை நாயைக் காப்பாற்றாது.

இந்தத் தரகர்களைத் தேடிப் போகிறவர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெயில் தாக்கின நாயொன்றுக்கு சேலைன் கேட்டு நானே ஒரு மிருக வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். இலவசத் தடுப்பூசி முகாம் நடந்தால் அடுத்த தெருவுக்கே செய்தி வராது. நாயைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901-இலிருந்து இருக்கிறது. உங்கள் தெருவில் பதிந்த நாய் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகக் கதவு மூடியிருக்கிற நேரத்தில்தான் தரகர் வீட்டு வாசலில் நிற்கிறார். இதற்கு எனக்குக் கோபம் வருகிறது, ஒளிக்கவில்லை.

அதே மாதிரி, புறாமலைத் தீவுக்கு நாயையும் படகில் ஏற்றுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா. நாயை அங்கே இறக்கக் கூடாது, மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

கரைவலை இழுக்கிற இடத்தைத் தாண்டும்போது கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள். வலையில் வந்த பேத்தை மீனை (உடம்பை ஊதிக்கொள்கிற நச்சு மீன்) மணலிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். நாய் அதைத் தின்றால் கைகால் விழுந்து மூச்சு நின்றுபோகும், மாற்று மருந்து கிடையாது. காய்ந்து கருவாடானாலும் நஞ்சு போகாது. மகனிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள், கயிறு பெரும்பாலும் அவன் கையில்தான் இருக்கும்.

நடக்கும்போது இளைப்பு நிற்காமல் கூடினால், எச்சில் பசைபோல் தடித்தால், முரசு (பல் ஈறு) செங்கல் நிறமானால், கால் பின்னினால், அந்த இடத்திலேயே நடையை நிறுத்துங்கள். வடலி நிழலோ மீன்வாடி நிழலோ கிட்ட எது இருக்கிறதோ அங்கே படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தேடி ஓடாதீர்கள், கிணற்றுத் தண்ணீர் போதும். சிலர் ஈரத் துவாயால் போர்த்தி மூடிவிடுவார்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள், பனடோல் கொடுக்கவே கூடாது. முதலில் குளிர வையுங்கள், பிறகு வாகனத்தில் ஏற்றுங்கள். அரை மணியில் எழுந்து வாலாட்டினாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீரகப் பழுது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

கரையில் வாடிகளைச் சுற்றிக் கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக இருக்கும், உங்கள் நாயோடு சண்டைக்கு வரும். அதனால் தடுப்பூசி விஷயத்தை முதலில் முடியுங்கள். அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஊசி போட்ட திகதிக்குப் பக்கத்தில், மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டின லேபல் இருக்க வேண்டும். அதில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் இருக்கும். கூடவே பதிவுபெற்ற மிருக வைத்தியரின் முத்திரை இருக்க வேண்டும். வெறும் பேனாக் கையெழுத்துத்தான் என்றால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு புதிதாகப் போடுங்கள். போட்டு மூன்று நாலு கிழமை கழித்துத்தான் முழுப் பாதுகாப்பு வரும், ஆகவே விடுமுறை தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே கூட்டி வாருங்கள்.