கேர் பிளானில் நர்சிங் டயக்னோசிஸ்: வாசகர் கேள்விகள்

"நிமோனியாவால் மூச்சுத்திணறல்" என்று எழுதியதை மேடம் அடித்துவிட்டார். ஏன்? (மாணவி, பெரம்பூர்)

நிமோனியா என்பது மருத்துவர் எழுதும் டயக்னோசிஸ். கேர் பிளானில், அதாவது நோயாளியைப் பராமரிக்கும் திட்டத்தில், நர்ஸ் எழுதும் டயக்னோசிஸ் அவர் கவனிக்க வேண்டிய பிரச்சினையைச் சொல்வது. 'ரிலேட்டட் டு' (இதன் காரணமாக) என்பதற்குப் பின்னால் நர்ஸ் கைவைத்துச் சரிசெய்யக்கூடிய காரணம் வர வேண்டும். இப்படி எழுதுங்கள்: இன்எஃபெக்டிவ் ஏர்வே கிளியரன்ஸ் (சளியை வெளியேற்றி மூச்சுப்பாதையைச் சுத்தமாக வைக்க முடியாமை), ரிலேட்டட் டு கெட்டிச் சளி, இருமத் தெம்பில்லாமை, ஏஸ் எவிடென்ஸ்டு பை (இதைக் காட்டும் அறிகுறிகள்) நுரையீரல் அடிப்பகுதியில் கரகர ஒலி, நிமிடத்துக்கு 28 மூச்சு, மஞ்சள் சளி. இதைப் படித்தாலே செய்ய வேண்டியது தெரிந்துவிடும்: தலைப்பக்கம் உயர்த்துவது, இருமக் கற்றுத்தருவது, தடையில்லையென்றால் வெந்நீர் குடிக்கவைப்பது. சளி பெரிதாக இல்லாமல் ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் என்று இறங்கியிருந்தால் இம்பேர்டு கேஸ் எக்ஸ்சேஞ்ச் (நுரையீரலில் வாயுப் பரிமாற்றக் குறைபாடு) பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது.

டெங்கு நோயாளி, பிளேட்லெட் 18,000, ரத்தக்கசிவு இல்லை. 'எவிடென்ஸ்டு பை'யில் என்ன எழுத? (ஸ்டாஃப் நர்ஸ், தாம்பரம்)

அந்தப் பகுதியே வேண்டாம். நடக்காத ஒன்றுக்கு அறிகுறி எங்கிருந்து வரும்? 'ரிஸ்க் ஃபார் ப்ளீடிங்' (ரத்தக்கசிவு ஆபத்து) என்றும், ஆபத்துக் காரணியாகப் பிளேட்லெட் குறைவையும் எழுதினால் போதும். தசையில் ஊசி போடாதீர்கள். ஈறு, மலத்தின் நிறம் பாருங்கள். 'ரிஸ்க்' என்பதற்காகப் பட்டியலின் கடைசியில் தள்ளவும் கூடாது. மழைக்கால வார்டுகளில் காய்ச்சல் விட்டதும் "சரியாகிவிட்டது" என்று வீட்டார் கிளம்பப் பார்ப்பார்கள்; பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ரத்தக்குழாயிலிருந்து கசிவது அப்போதுதான். மேல், கீழ் ரத்த அழுத்த வித்தியாசம் 20-க்கு வந்துவிட்டால் அது ஷாக். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

படுக்கைப்புண்ணுக்குக் காரணம் "திருப்பிப் படுக்கவைக்காதது" என்று எழுதலாமா? (மாணவர், போரூர்)

கூடாது. அது ஊழியர் மீதான குற்றச்சாட்டு; சட்டச் சிக்கலும் வரும். "அசைய முடியாமை, வால் எலும்புப் பகுதியில் தொடர் அழுத்தம்" என்று எழுதி, புண்ணின் இடம், நிலை, சென்டிமீட்டரில் நீள அகலம் குறியுங்கள்.

அக்யூட் பெயின், க்ரானிக் பெயின் எப்படிப் பிரிப்பது? (மாணவி, ராயபுரம்)

மூன்று மாதம்தான் எல்லை: அதற்குள் இருந்தால் அக்யூட், அதைத் தாண்டி நீடித்தால் க்ரானிக். வலி மதிப்பெண்ணோடு நோயாளியின் பேச்சையும் அப்படியே எழுதுங்கள். "வவுத்த இஸ்து புடிக்குது" என்றால் அதையே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதை "வயிற்று வலி" என்று சுருக்கினால் பிடித்து இழுக்கும் தன்மை பதிவிலிருந்து போய்விடும், அடுத்த ஷிஃப்டுக்கு அது தெரியாது.